கதவு சாத்திய படையல்

தீபாவளிக்கு முதல் நாள்தான் எனக்குத் தீபாவளி. மறுநாள் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, வந்து போகிற விருந்தாளிகள் எல்லாம் மற்றவர்களுக்கு. முதல் நாள் மதியம் செத்தவர்களுக்குச் சோறு போட்டாக வேண்டும். பினாங்கில் எங்கள் சனங்கள் இதை விட்டுவிட்டுத் தீபாவளி கொண்டாடி நான் பார்த்ததில்லை. படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, வாழையிலையில் அவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் வைக்க வேண்டும். பிடித்தது என்றால் பிடித்ததுதான், அதில் வெட்கம் பார்க்கக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு ஆட்டுக்கறிப் பிரட்டல், நெத்திலி சம்பல், ஒரு பாட்டில் கறுப்பு பீர், பற்றவைத்த சிகரெட் ஒன்று. அவர் உயிரோடு இருந்தபோது இதில் பாதிக்கு நான் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது நானே கடைக்குப் போய் பீர் வாங்கி, பைக்குள் துண்டு சுற்றி எடுத்து வருகிறேன்.

நாங்கள் இருப்பது டத்தோ கிராமாட் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி. நாங்கள் என்று பழக்கத்தில் வந்துவிட்டது, நான் மட்டும்தான். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. அவர் பஸ் ஓட்டியவர். நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரோனிக் தொழிற்சாலையில், நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பி ஒட்டியவள். மூன்று ஷிப்டும் பார்த்தவள். அவருக்குக் காலை வேலை என்றால் எனக்கு ராத்திரி வேலை. ஒரே கட்டிலில் மாறி மாறித் தூங்கிய குடித்தனம் எங்களுடையது. இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம், சரி, இனிமேலாவது உட்கார்ந்து பேசலாம் என்று பார்த்தால், மனிதர் ஒரு காலையில் தேநீர்க் குவளையைக் கையில் வைத்தபடியே போய்விட்டார். அவசரக்காரர். எதையும் நிதானமாகச் செய்து பழக்கமில்லை.

எங்களுக்கு ஒரே மகன். கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் வீடு, அங்கேயே பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பாலத்தைத் தாண்டி என்னைப் பார்க்க வருவான். வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பான், மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பான், குளியலறைத் தரை வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்ப்பான். சுகாதார இலாகாக்காரன் தோற்றான். போன தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில், சோதனை எல்லாம் முடிந்து உட்கார்ந்து சொன்னான்.

"அம்மா, இந்த வருஷம் படையல நம்ம வீட்ல போட்டுருவமா? அப்பா படத்த மட்டும் எடுத்துட்டு வந்தா போதும். நீங்க இந்த வயசுல பாசாருக்கு ஓடி, மூணு மாடி ஏறி எறங்கி, எதுக்கு லா?"

நம்ம வீடு என்று அவன் சொன்னது அவன் வீட்டை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்களில், செத்தவர் படம் எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறதோ அதுதான் வீடு. சோறு போடும் இடத்தை மாற்றினால் அவர் வந்து நிற்கிற வாசலையே மாற்றியதாக அர்த்தம். என் மாமியார் இறந்த பிறகு அவர் படத்தை எங்கள் வீட்டில் மாட்டினோம். "படம் அங்கே, நான் இங்கே என்ன செய்யறது" என்று கேட்டுக்கொண்டே மாமனாரும் கொஞ்ச நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். படம் முன்னே போகும், ஆள் பின்னே போகும். அவன் அப்பாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டான். நேராகக் கேட்டால் நான் வாயாடுவேன் என்று படத்தைக் கேட்டான். என் வயிற்றில் பிறந்தவன்தானே, புத்தி வேறு எங்கே போகும்.

அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மருமகளையும் சொல்ல முடியாது. கெட்ட மருமகளாக இருந்தால் வேலை சுலபம், வர மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். அவளோ எனக்காகக் கீழ் அறையைச் சுத்தம் செய்து, ஏர்கான் போட்டு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, மெத்தை மேல் புதுவிரிப்புப் போட்டு, அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியவள். அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்தேன். கம்பி நல்ல கனமாக இருந்தது.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. களைப்பு, அவ்வளவு களைப்பு. காலையில் கண் திறந்ததும் எழுந்திருக்க வேண்டுமே என்று ஒரு சலிப்பு வரும். எழுந்தால் முட்டி முதலில் எழ வேண்டும், அது தனி பஞ்சாயத்து. பாசாருக்குப் போய் இரண்டு கெம்போங் மீனும் ஒரு கட்டு கீரையும் வாங்கி வருவதற்குள் மூச்சு வாங்கும். முதல் மாடியில் ஒரு நிற்றல், இரண்டாவது மாடியில் ஒரு நிற்றல். சமைத்து முடித்த பிறகு சாப்பிடத் தோன்றாது. கேஸ் தீர்ந்தால் ஆளைக் கூப்பிட வேண்டும், குழாய் சொட்டினால் ஆளைக் கூப்பிட வேண்டும், குப்பையைக் கீழே கொண்டுபோக வேண்டும். இந்த வேலைகளை எல்லாம் முன்னே யார் செய்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால், நான்தான் செய்தேன். ஆனால் அப்போது திட்டுவதற்கு ஒருவர் இருந்தார். திட்டிக்கொண்டே செய்தால் பாரம் தெரியாது.

எதிர்வீட்டில் ஒரு சீன அம்மா. அவரும் என்னைப் போலத்தான், தனி ஆள், வீட்டுக்காரர் இல்லை. எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான். தினமும் காலையில் கதவைத் திறந்ததும், "பெனாட் கா?" என்பார். களைப்பா என்று அர்த்தம். "பெனாட் லா" என்பேன். "நானும்தான்" என்பார். அவ்வளவுதான் எங்கள் நல விசாரிப்பு. என்னிடம் அவர் வீட்டுச் சாவி ஒன்று, அவரிடம் என் வீட்டுச் சாவி ஒன்று. வெளிச்சம் வந்தும் ஒருத்தி கதவு திறக்காவிட்டால் மற்றவள் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு. இதுவரை இரண்டு பேரும் திறந்துகொண்டுதான் இருக்கிறோம்.

மகனிடம் நான் முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "இந்த வருஷம் இங்கயே போடறேன். அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றேன். அவன் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டான். படையல் முடிந்ததும் படத்தை எடுத்துக்கொள்ளலாம், தீபாவளி முடிந்ததும் என்னை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டிவிட்டான். நானும் அவனைத் திருத்தவில்லை. திருத்துவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா.

அதற்குள் இன்னொரு காரியம் செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது நான் கதவைப் பூட்டாமல் உள்ளே படுத்திருந்தேன். இரும்புக் கிரில் மட்டும் சாத்தியிருந்தது, அதுவும் பூட்டில்லாமல். பூகம்பம் வந்ததைப் போலக் கத்தினான். அடுத்த வாரம் வரும்போது ஒரு பூட்டு வாங்கி வந்து பழைய பூட்டைக் கழற்றிவிட்டுப் பொருத்தினான். கதவை இழுத்துச் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். "இனி நீங்க மறந்தாலும் அது மறக்காதும்மா" என்றான். சாவி இரண்டு. ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு.

படையல் அன்றைக்கு மதியத்துக்கு முன்பே மகனும் மருமகளும் வந்துவிட்டார்கள். மகன் கையில் குமிழி வைத்த பிளாஸ்டிக் சுருள் ஒன்று. கண்ணாடிச் சாமான் சுற்றுவார்களே, அது. அதைக் கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். படத்தைச் சுற்றி எடுத்துப் போகத்தான் என்று எனக்குத் தெரிந்தது. நான் கறியைக் கிளறினேன். மருமகள் வாழையிலை துடைத்தாள், பழம் நறுக்கினாள், வடை தட்டினாள். நல்ல கைவேலை.

மகன் தேங்காய் உடைத்தான், சூடம் காட்டினான், பீர் பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்தான். சிகரெட்டைப் பற்றவைக்கத் தெரியாமல் இருமினான். அவன் அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். சிகரெட்டைக் கொட்டாங்கச்சியின் விளிம்பில் வைத்தோம். மூன்று பேரும் விழுந்து கும்பிட்டோம். நான் விழவில்லை, குனிந்தேன். விழுந்தால் எழுப்ப ஆள் வேண்டும்.

இதற்குப் பிறகு ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவர் வந்து சாப்பிடும்போது உயிரோடு இருப்பவர்கள் பார்க்கக்கூடாது. எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, பிறகு கதவைத் தட்டிக் குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய வீடாக இருந்தால் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் நிற்கலாம். எங்கள் வீட்டில் கூடம் என்பதே வாசல் கதவில் ஆரம்பித்துச் சமையலறையில் முடிந்துவிடும். ஆகவே எல்லா வருஷமும் நடைபாதைக்கு வந்துதான் நிற்போம். அன்றும் வந்து நின்றோம். "காத்து அடிச்சி வெளக்கு அணைஞ்சிரப் போவுது, நல்லா இழுத்துச் சாத்துப்பா" என்று நான்தான் சொன்னேன். மகன்தான் இழுத்துச் சாத்தினான். கடக் என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டதும் நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். கைப்பிடியைத் திருகினான். திரும்பவில்லை. மறக்காத பூட்டு, தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

"சாவி எங்கம்மா?"

"உள்ள, ஆணியில. ஒன்னோடது?"

அவன் சாவி சிம்பாங் அம்பாட்டில், அவன் வீட்டுச் சாவிப் பலகையில். தீபாவளிக்கு முதல் நாள், பாலம் முழுக்க வண்டி. போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மருமகளின் போன் உள்ளே சார்ஜில் இருந்தது. மூன்று பேர் காலிலும் செருப்பு இல்லை. உள்ளே விளக்கு எரிகிறது, ஊதுபத்தி எரிகிறது, சிகரெட்டும் எரிகிறது. திரைச்சீலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மருமகள் என்னைக் கேட்டாள். தூரமாகத்தான் இருக்கிறது என்றேன். சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா கிரிலைத் திறந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. இத்தனை நாள் காத்திருந்த வேலை வந்துவிட்டதே! "என்னிடம் இருக்கிறதே" என்று உள்ளே ஓடி, பிஸ்கட் டின்னைக் கிண்டி, சிவப்புக் கயிறு கட்டிய சாவியைக் கொண்டு வந்தார். என் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூட்டில் வைத்துத் திருப்பினார். சாவி உள்ளேயே போகவில்லை. பூட்டு மாறிய விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சாவி இரண்டுதான் இருக்கிறது, மூன்றாவதாக ஒன்று வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன், கடை வரைக்கும் நடக்கச் சோம்பி விட்டுவிட்டேன். அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குச் சங்கடமாக இருந்தது.

மகன் தோளால் கதவை இடிக்கப் போனான். "டேய், உள்ள ஒங்கப்பா சாப்புட்டுக்கிட்டு இருக்காருடா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. மருமகளுக்குச் சிரிப்பு. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் யார் யாரையோ கூப்பிட்டு, கடைசியில் பூட்டுத் திறக்கிற ஆள் ஒருவரைப் பிடித்தான். வருகிறேன், ஆனால் வழியெல்லாம் ஜேம், லேட்டாகும் என்றாராம்.

எதிர்வீட்டு அம்மா பிளாஸ்டிக் முக்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார். பிறகு மருமகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய், தன் சன்னலிலிருந்து எங்கள் சமையலறைச் சன்னல் தெரியும், புகை வருகிறதா என்று அங்கே நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார். புகை ஒன்றும் வரவில்லை. அவள் அங்கேயே நின்றாள். நடைபாதையில் நானும் மகனும் மட்டும்.

அவன் முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு மெதுவாக, கோபம் இல்லாமல்தான், சொன்னான்.

"யோசிச்சுப் பாருங்கம்மா. இப்ப நாம வெளிய நிக்கிறோம். இதே நீங்க உள்ள விழுந்து கெடந்தா? எதிர்வீட்டு அவுங்க சாவியும் ஒண்ணுக்கும் உதவல. நான் அங்கேருந்து வரணும். ஆள் வரணும். எவ்வளவு நேரம் ஆகும்?"

பூட்டை மாற்றியது நீதானே என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. பூட்டு யார் மாற்றினாலும் அவன் கேட்டது நியாயம். விழுந்தால் விழுந்ததுதான். பழைய சாவியே இருந்தாலும், அந்த அம்மா வந்து பார்ப்பதற்குள் என்ன ஆகியிருக்குமோ. ஆனைக்கும் அடி சறுக்கும், எனக்கு முட்டியே கிடையாது.

"நெசந்தான்" என்றேன். "நீ சொல்றது நெசந்தான்ப்பா."

நான் ஒப்புக்கொள்வேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அப்ப படத்த இன்னிக்கே…" என்று ஆரம்பித்தான். நான் கையைக் காட்டினேன். அவனிடம் சொல்லவேண்டியது எனக்கே அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெளிவாகத் தெரிந்தது. நடைபாதைத் தரை வெறுங்காலுக்குச் சில்லென்று இருந்தது. பீரும் கறியும் உள்ளே இருக்க, ஒரு வேலையும் செய்ய முடியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், எவ்வளவு நாளாயிற்று இப்படி உட்கார்ந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கண் ஆபரேஷன் பண்ணி ஒன் வீட்ல வந்து இருந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. ஒரு கொறையும் இல்ல. ஒரு நாள் காலையில பத்து மணிக்கு நான் கட்டில்ல படுத்தேன். அவ வேலையிலேருந்து போன் பண்ணா. கேமராவுல பாத்திருப்பா போல. ஏன் அத்த படுத்திருக்கீங்க, தலை சுத்துதா, சாப்புடலையான்னு. சாயங்காலம் நீ வந்து கிளினிக் போவமான்னு கேட்ட. எனக்கு ஒண்ணும் இல்லப்பா. அசதி, படுத்தேன். மறுநாள்லேருந்து நான் படுக்கல. நாற்காலியில நேரா ஒக்காந்து டிவி பாத்தேன், நீங்க பாக்கணும்னு. இங்க வந்ததுக்கப்புறம் ரெண்டு நாள் வெறுந்தரையில கெடந்தேன். அப்புறம்தான் ஒடம்பு ஒடம்பா ஆச்சு."

அவன் சாத்திய கதவைப் பார்த்தான்.

"எனக்கு இங்கயும் அசதிதான், அங்கயும் அசதிதான். இங்க அசதியா இருக்கலாம். எழுந்திரிக்கத் தோணலன்னா எழுந்திரிக்காம இருக்கலாம். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கலாம். சோறு பொங்காம ரொட்டியத் தேத்தண்ணியில நனைச்சுத் தின்னுட்டுக் கெடக்கலாம். ஏன்னு கேக்க ஆள் இல்ல. ஒன் வீட்ல நான் அசதியா இருந்தா நீங்க ரெண்டு பேரும் பயந்துக்கிறீங்க. ஒங்களுக்காக நான் தெம்பா இருக்க வேண்டியிருக்கு. அது என்னால முடியல சாமி. விழுந்துட்டா விழுந்துட்டேன். அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

கடைசி வார்த்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அழத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அவன். தலையைக் குனிந்துகொண்டு தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பூட்டுத் திறக்கிறவர் ஒருவழியாக வந்தார். வந்தவர் என் மகனின் புதுப்பூட்டைப் பார்த்து, நல்ல பூட்டு என்று பாராட்டினார். பிறகு இரண்டு கம்பியை வைத்து மினக்கெட்டு, கைப்பிடியைத் திருப்பி, கதவைத் தள்ளப் போனார். "இருங்க இருங்க" என்று நான் ஓடினேன். ஓடினேன் என்றால் என் ஓட்டம். அவரை நகர்த்திவிட்டு, திறந்துகொண்ட கதவை மூன்று தட்டுத் தட்டி, "வரட்டுங்களா?" என்று குரல் கொடுத்தேன். பூட்டுக்காரர் உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து, பிறகு எதற்கு என்னைக் கூப்பிட்டீர்கள் என்பதைப் போலப் பார்த்தார். எதிர்வீட்டு அம்மாதான் அவருக்கு ஹொக்கியன் சீனத்தில் விளக்கினார். அவர் உடனே கைகூப்பிவிட்டு விலகி நின்றார்.

உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. விளக்கு எண்ணெய் இறங்கி மெல்ல எரிந்துகொண்டிருந்தது. சிகரெட் அதன்பாட்டில் எரிந்து, உடையாமல் முழு நீளச் சாம்பலாகக் கிடந்தது. பிரட்டலில் எண்ணெய் உறைந்திருந்தது. "என்னிக்கும் அஞ்சு நிமிஷத்துல அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுவாரு. இன்னிக்குத்தான் நிதானமா சாப்ட்டாரு" என்றேன். மருமகள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

படைத்த இலையில் மூத்த பிள்ளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மகன் உட்கார்ந்தான். கறியைச் சுட வைத்துத் தரட்டுமா என்றேன், வேண்டாம் என்றான். ஆறிய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். நெத்திலி சம்பலை இரண்டு தரம் கேட்டு வாங்கினான். பீரில் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். மருமகளும் நானும் சமையலறையில் தட்டில் போட்டுச் சாப்பிட்டோம். எதிர்வீட்டு அம்மாவுக்கு வடையும் கறியும் கொடுத்து அனுப்பினேன்.

திரும்பி வந்து பார்த்தால் மகன் கை கழுவிவிட்டு, அவன் அப்பா படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அப்படியே சரிந்து வெறுந்தரையில் படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை. சின்ன வயதில் பள்ளியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த இடத்தில்தான் விழுவான். இப்போது நரைத்த தலை, வயிறு வேறு கொஞ்சம் விழுந்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். வீட்டில் அவளுக்குத் தலைக்குமேல் வேலை. மறுநாள் தீபாவளி. "என்னங்க, எந்திரிங்க, போலாம்" என்று தோளைத் தொடப் போனாள்.

"விடும்மா, கொஞ்ச நேரம்" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து சுவரோரமாக உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னாள்.

"வீட்ல இப்படித் தூங்கவே மாட்டாரு அத்த. வேலை விட்டு வந்தா காடிய நிறுத்திட்டு உள்ளயே ஒக்காந்திருப்பாரு. எஞ்சின் ஓடும், லைட் எரியும். நான் சன்னல்லேருந்து பாப்பேன். ரொம்ப நேரம் கழிச்சு எறங்குவாரு. உள்ள வரும்போது சிரிச்சிக்கிட்டுதான் வருவாரு. ஏன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. நானும் கேக்கறத விட்டுட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சொன்னதில் அவளுக்கே கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. அவளும் தலையைச் சுவரில் சாய்த்தாள். எண்ணெய் தீர்ந்து விளக்கு தானாக அணையும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கழுவாத பாத்திரம் மலைபோல் கிடந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அவன் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பதறி எழுந்தான். "ஏன் எழுப்பல?" என்று இரண்டு பேரையும் கடிந்துகொண்டான். கன்னத்தில் தரையின் வரி பதிந்திருந்தது. முகம் கழுவி வந்து, மாலை போட்ட படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அந்தப் பிளாஸ்டிக் சுருளை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"படம் இருக்கட்டும்" என்றான்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மருமகள் முன்னால் படியிறங்கிவிட்டாள். அவன் செருப்பில் காலை நுழைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழம நான் மட்டும் வரட்டுமா?"

"எதுக்குப்பா?"

"சும்மாத்தான்."

"வா" என்றேன். "தலகாணிய வெயில்ல போட்டு வக்கிறேன்."